ஞாயிற்றுக்கிழமை எடுத்த அளவு

கும்மிடிப்பூண்டியில் கம்பி இழுக்கும் ஆலை ஒன்று. அங்கே மேனேஜர் மேசைக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே, கண்ணாடி போட்டு ஒரு சான்றிதழை மாட்டியிருந்தார்கள். 'மின்சாரத்தில் ஹார்மோனிக்ஸ் வரம்புக்குள் உள்ளது.' மிஷின்கள் ஓடும்போது மின்சாரத்தில் கிளம்பும் கலப்படம்தான் ஹார்மோனிக்ஸ். அளவெடுத்த கிழமையைப் பார்த்தேன். ஞாயிறு. சிரிப்பு வந்துவிட்டது. ஆலை மூடிக் கிடக்கும் நாளில் போய் அளந்திருக்கிறார்கள்! சண்டை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு வந்து, தெரு அமைதியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவது மாதிரி.

ஆலைகளில் மின்சாரத்தை அளந்து ரிப்போர்ட் கொடுப்பது என் தொழில். நான் ஐடிஐ கூட முடிக்காதவன். பழைய மீட்டர்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டேன். ஆனாலும் இந்தப் படித்தவர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

என்னை அவர்கள் கூப்பிட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்கள் புதிதாக வந்ததிலிருந்து, கரண்ட் பில்லைக் குறைக்க மின்பேனலில் மாட்டியிருக்கும் கெப்பாசிட்டர்கள் வரிசையாக உப்பி வெடித்துக்கொண்டிருந்தன. "கனெக்‌ஷனை ஒழுங்கா முறுக்கல, அதான்" என்று எலக்ட்ரீஷியன் தலையில் பழியைப் போட்டாயிற்று. ஆர்.கே.பேட்டைக்காரர், பத்து வருஷமாக அங்கே வேலை. அவரை வேலையை விட்டு அனுப்பும் கடிதம் அடித்துத் தயாராக இருந்தது. கூடவே வைக்க, கரண்டில் குறையில்லை என்று இன்னொரு சுத்தமான ரிப்போர்ட் வேண்டுமாம். அதற்குத்தான் நான்.

எலக்ட்ரீஷியன் பேனலைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு போல்ட்டையும் நானே முறுக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

"கரண்டு சும்மா வரலண்ணா, பேஜாரு பண்ணிக்கினே வருது. மிஷின் ஓடச்சொல்ல பேனல்ல காதை வெச்சுப் பாரு, தேனீக்கூடு மாதிரி கத்தும்" என்றார்.

எத்தனை ரிப்போர்ட் படித்திருக்கிறேன், ஒன்றிலாவது இப்படி எழுதியிருந்தார்களா?

மேனேஜரிடம் போய், "நாளைக்கு ஓடும்போது எடுக்கணும் சார்" என்றேன்.

"புரொடக்‌ஷன் நேரத்துல பேனலைத் தொறக்க விடமாட்டேன். லைன் க்ளீனா இருக்கு, இப்பவே எடுங்க."

"ஓடுறது டியூப்லைட்டும் உங்க ஏசியும்தான் சார். அதுங்க மேல எனக்குச் சந்தேகம் எதுவும் இல்ல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சரி என்று, மெயினைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு, கேபிள்களைச் சுற்றிக் கரண்டை அளக்கும் கிளாம்புகளை மாட்டினேன். கருவியைப் பதிவில் போட்டு உள்ளேயே வைத்துப் பேனலைப் பூட்டிவிட்டேன். பேனலைத் திறக்கத்தானே கூடாது?

மறுநாள் எல்லா மிஷினும் ஓடும் நேரத்தில், கருவியிலிருந்து வெளியே விட்டிருந்த ஒயரில் லேப்டாப்பைச் சொருகினேன். அழகாக வளைந்து ஏறி இறங்க வேண்டிய அலை, எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை அலையடிக்கும். டிரைவ் அதை நறுக்கி நறுக்கி இழுப்பதால், ஐந்து மடங்கு, ஏழு மடங்கு வேகத்தில் குட்டி அலைகள் கிளம்பும். அவைதான் ஹார்மோனிக்ஸ். இங்கே அந்த ஐந்து மடங்கு அலைதான் பெரிதாக ஆடிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியனிடம் பேனலுக்கு வெளியே இருக்கும் சுவிட்சில் கெப்பாசிட்டரை அணைக்கச் சொன்னேன், பாதிக்கு மேல் இறங்கியது. போடச் சொன்னேன், மறுபடி எகிறியது. டிரைவ் கிளப்பிவிட்டதைக் கெப்பாசிட்டர் ஊதிப் பெருக்கி, அந்தச் சூட்டில் தானே வெந்து வெடிக்கிறது. இதில் போல்ட் முறுக்குகிறவர் என்ன செய்வார்?

மேனேஜர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ கெப்பாசிட்டராலதான் ஏறுது. அதை மாட்டினது இவன்தானே?" என்றார்.

மேலே படிக்கப் படிக்க இப்படியெல்லாம் யோசிக்க வரும் போலிருக்கிறது. நான் எழுதியதைக் கையில் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அளவு, திங்கட்கிழமை அளவு, கீழே ஒரு வரி: 'இணைப்புகள் அனைத்தும் இறுக்கமாக உள்ளன, நானே சோதித்தேன்.'

"இந்தக் கடைசி வரி தேவையில்லையே?"

"அது இல்லாம கையெழுத்து இல்ல சார்."

ரிப்போர்ட் முதலாளிக்குப் போயாக வேண்டும். வேறு வழியில்லாமல் என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து என்னிடமே நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். அப்புறம் எலக்ட்ரீஷியனை உள்ளே கூப்பிட்டு, அடித்து வைத்திருந்த கடிதத்தை அவர் கண்ணெதிரே கிழித்துக் கூடையில் போட்டார். பெருந்தன்மையாம்.

"போ, இந்த ஒரு தடவை மன்னிச்சுட்டேன்."

எலக்ட்ரீஷியன் போகவில்லை. "இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக அங்கேயே நின்றார்.

மேனேஜர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.