ஞாயிற்றுக்கிழமையில் நெல்லி ஆகாது

இன்று காலை எங்கள் வீட்டில் ஒரு மனிதர் பற்றவைக்காத சிகரெட்டோடு குசினிக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அந்த மனிதர் என் கணவர். (பெயர் போட்டால் சண்டைக்கு வருவார்.)

புத்தூரில் எங்கள் தோட்டம் புகையிலையை விட்டு வெங்காயத்துக்கு மாறிக் கனகாலம். அவருடைய வாய் மட்டும் இன்னும் மாறவில்லை.

இந்த ஆடி அமாவாசைக்கு, காலமான மாமாவுக்கு, அதாவது அவருடைய அப்பாவுக்கு, எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கீரிமலைக்குப் போனோம். முன்பெல்லாம் அங்குள்ள தீர்த்தக் கேணியை ஒரே மூச்சில் நீந்திக் கடப்பவர், இம்முறை முழுகி எழும்பியதும் படியில் குந்தியிருந்து இருமினார். இருமல் நிற்கவே இல்லை.

மாமி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாமாவும் இப்பிடித்தான் பிள்ளை இருமத் தொடங்கினவர்."

நான் உண்மையாகவே பயந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன், கத்தினேன், கதைக்காமல் இருந்தும் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. போன கிழமை யூரியூப்பில் எதையோ பார்த்துவிட்டு, ஒரு போத்தல் நெல்லிச் சாறோடு வந்து நின்றார்.

"இஞ்சரும், நிக்கொட்டீன் உடம்புக்குள்ளை துருப் பிடிக்க வைக்குதாம். நெல்லியிலை இருக்கிற அன்ரிஒக்சிடன்ற் அந்தத் துருவைத் தடுக்குமாம். இனி ஒரு சிகரெட்டுக்கு ஒரு கிளாஸ் நெல்லி. எல்லாம் சரியாப் போயிடும்."

மாமி குசினிக்குள் இருந்து தலையை நீட்டினார்.

"ஆர் தம்பி உந்த அன்ரி? எங்கடை பக்கத்து ஆளோ?"

(சிரித்தால் சண்டை என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.)

அடுத்த நாளே அவரை இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்.

"நெல்லி நல்ல சாமான்தான், குடியுங்கோ. ஆனா புகை செய்யிற கேட்டை நெல்லி கழுவிப்போடாது. உடம்பு ஒரு பக்கத்தாலை திருத்தத் திருத்த, நீங்கள் மற்றப் பக்கத்தாலை பழுதாக்கிக்கொண்டு இருக்கிறியள். விற்றமின் குளிசையும் உங்கடை பாட்டிலை வாங்கிப் போடாதேங்கோ, சிலது சிகரெட் பத்துற ஆக்களுக்குக் கூடாது. விடுறதுதான் மருந்து."

வெளியே வந்ததும் இவர் சொல்கிறார்.

"கேட்டனீரே? நெல்லி நல்ல சாமான் எண்டு டொக்டரே சொல்லிப்போட்டா."

மிச்சம் எல்லாம் காற்றோடு போயிற்று.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மனிதர் தன் கொள்கையில் மகா ஒழுங்கு. நெல்லி குடிக்காமல் சிகரெட்டைப் பற்றவைப்பதே இல்லை. போத்தல் முடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவார், அதுவரை பொறுத்திருப்பார். பயம் அவருக்கும் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

இன்று, நெல்லி வீட்டுக்கு வந்த பிறகு முதல் ஞாயிறு. விடிய எழும்பி வழக்கம்போலப் பிரிட்ஜைத் திறந்தார். மாமி போத்தலை அவர் கையிலிருந்து வாங்கித் திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. நெல்லி ஆகாது."

"அம்மா, இது காயில்லை, சாறு."

"நெல்லி நெல்லிதான். பொழுதுபட்டாப் பிறகும் தொடக்கூடாது. நான் இருக்கிற வீட்டிலை அது நடவாது."

தாய் சொல்லைத் தட்டமாட்டார். நெல்லி இல்லாமல் பற்றவும் மாட்டார். அதுதான் காலையில் நடந்த அந்த நடை.

மத்தியானம் சோற்றில் உப்பில்லை என்றார். (இருந்தது.) பிறகு தோட்டத்துக்குப் போய் வெங்காயப் பாத்தியோடு சண்டை பிடித்தார். பின்னேரம் வந்து மாமிக்குப் பக்கத்தில் குந்தினார். கையில் அதே சிகரெட், நசுங்கிப் போயிருந்தது.

"அம்மா, உந்த நெல்லி விலக்கு திங்கட்கிழமைக்கும் இருக்கோ?"

அப்படி ஒன்று இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிறந்து வளர்ந்ததே இந்த வீட்டில்தான்.

மாமியின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"ஓம் தம்பி, இருக்கு."

"அப்ப சரி" என்று சிகரெட்டை என் கையில் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது நண்பர்களிடம் ஓர் அவசர உதவி. செவ்வாயிலிருந்து சனி வரைக்கும் நெல்லி ஆகாது என்று உங்கள் ஊரில் எங்காவது வழக்கம் இருந்தால் கீழே எழுதுங்கள்.

மாமி கேட்கிறார்.