சும்மா விட்ட பாத்தி

தராசில் நெல்லைக் கொட்டியதும் நிஸ்மியா இலக்கத்தை உள்ளங்கையால் மூடிவிடுவார். எவ்வளவு இருக்கும் என்று முதலில் வாய்விட்டுச் சொல்வார். பிறகுதான் கையை எடுப்பார். “ஆசப்பட்டத முதல்ல சொல்லிரோணும். இல்லாட்டி மனசு கள்ளம் செய்யும்.” ஏறாவூரிலிருந்து கம்பஸுக்குப் போய்வரும் இந்த விவசாய விரிவுரையாளரின் கொள்கை அது.

வாவியை மூடிக்கிடக்கும் ஆற்றுவாழை என்ற ஆகாயத்தாமரையை அழுகவைத்துச் சாறெடுத்தால் வயலுக்கு அருமையான பசளையாகும் என்று அவர் நம்பினார். அடேயப்பா, அந்த நாற்றம்! பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான். அவரோ மடியிலிருக்கும் கேனைத் திறந்து முகர்ந்து, “இண்டைக்குக் கொஞ்சம் புளிச்சிருக்கு” என்பார்.

உன்னிச்சைக் கிராமத்தில் விவசாயி வினாயகமூர்த்தியின் வயலில் பாதிப் பாத்திகளுக்குச் சாறு. மீதிக்கு ஒன்றுமே இல்லை. அப்போதுதானே வித்தியாசம் தெரியும்? முதல் போகத்தில் இரண்டும் ஒன்றுபோல விளைந்தன. துருவித் துருவிக் கேட்டதில் மனுஷன் தலையைச் சொறிந்தார்.

“பக்கத்துப் பாத்தி திங்குது, இது பாத்துக்கொண்டு நிக்குது. பாவமாக் கிடந்தது மிஸ். கொஞ்சம் யூரியா போட்டுட்டன்.”

நிஸ்மியா சிரித்துச் சிரித்து வரம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சாறு தோற்கவில்லை என்ற நிம்மதியும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

அடுத்த போகம் மூர்த்தி மனதைக் கல்லாக்கிக்கொண்டார். அப்படியும் தராசிலிருந்து கையை எடுத்தால் அதே கதை.

“மறுகாவும் யூரியா போட்டீங்களா அண்ணன்?”

“பிள்ளையள் மேல சத்தியமா இல்ல மிஸ்.”

ஓம் என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கிய நிஸ்மியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வரம்பில் நின்று நன்றாக அழுதார்.

அதற்குள் சாற்றின் புகழ் அந்த வட்டையில், சுற்றியுள்ள வயல்காரர் எல்லாரிடமும் பரவியிருந்தது. பெரும்போகத்துக்குப் பசளையே வாங்காமல் இருந்தார்கள். சாறு கேட்டு ஒரு கூட்டமும் வைத்தார்கள். “கூட்டத்துக்குப் போகாதீங்க. மெல்ல மறந்திருவாங்க” என்றார் உடன் வேலை செய்யும் ஹலீம்.

“அவங்கட ஒரு போகம் போயிருமே!” என்று நிஸ்மியா கிளம்பிவிட்டார்.

சாறு வாங்கிப் போகலாம் என்று எல்லாரும் வெறும் வாளியோடு வந்திருந்தார்கள். நிஸ்மியா எழும்பி நின்றார்.

“இது வேல செய்யல்ல. இத நம்பி விதைக்காதீங்க.”

மூர்த்திக்குப் பொறுக்கவில்லை. “என்ட வயல் நல்லாத்தானே விளஞ்சது!”

“ஓம் அண்ணன். சும்மா விட்ட பாத்தியும் அப்பிடித்தானே விளஞ்சது.”

யாரோ முணுமுணுத்துக்கொண்டு வெளியேறினார். நிஸ்மியா அதைக் கவனிக்கவில்லை. தான் சொன்னதையே யோசித்தபடி மூர்த்தியிடம் போனார். அவர் கையிலிருந்த வாளியை வாங்கித் தரையில் கவிழ்த்தார். அவர் முகத்துக்கு நேரே அதன்மேல் உட்கார்ந்தார்.

“ஒண்டும் போடாம அது எப்பிடி விளஞ்சது? சொல்லுங்க அண்ணன், அதுக்கு முந்தி அந்த மண்ணுக்கு என்னெல்லாம் செஞ்சீங்க?”