வெள்ளவத்தைக்கு வந்த கொட்டாஞ்சேனைத் தளபாடங்கள்

கோட்டையில் ஒரு தளபாடக் கம்பெனியில் பிளான் கீறும் ஆளாக நான் சேர்ந்து இரண்டாம் வருடம். வெள்ளைக்காரர் ஆட்சி, இரண்டாம் உலக யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. வீடு மாறுகிறவர்களின் பழைய சாமான்களை அளந்து, எதை வைத்துக்கொள்ளலாம், எதை எங்கே போடலாம் என்று சொல்வது என் வேலை. பழையதைக் கழித்துப் புதியதை விற்க வேண்டும் என்பது மனேஜரின் விருப்பம்.

அப்படி எங்களிடம் வந்த செல்வத்துரை ஐயா, சுங்கத்தில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். மனைவி இல்லை. ஒரே மகன் மலாயாவில் ரயில்வேயில் வேலை. கொட்டாஞ்சேனை வீட்டைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டதால், வெள்ளவத்தையில் சின்ன வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். பழைய வீட்டில் எனக்கு முன்னால் நடந்து ஒவ்வொரு சாமானாகக் காட்டினார்.

"ஒண்டையும் விக்கிறதில்லை. இஞ்ச இருக்கிற மாதிரியே அங்கயும் போடும்."

புது வீட்டு ஹோல் பழையதைவிட நீளத்தில் மூன்று அடி குறைவு. வெளிச்சம் விழட்டும் என்று நான் பீங்கான் கோப்பை வைக்கும் சைட்போர்டை ஜன்னலடிக்கு மாற்றினேன். பார்க்க வடிவாக இருந்தது. ஐயா வந்தார், வழக்கம்போல விறுக்கென்று உள்ளே நடந்தார், முழங்கால் அதில் இடித்தது. மேலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது. அவருடைய கை வெறுஞ்சுவரைத் தடவிக்கொண்டிருந்தது. பழைய வீட்டுக் கணக்கில் சைட்போர்ட் இருந்திருக்க வேண்டிய இடம் அது.

"ஐயாவுக்குக் கண்..."

"வெளிச்சம் தெரியும். உருவம் தெரியாது. ஒண்டரை வருசமாச்சு."

"மகனுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. வாற மாசம் லீவில வாறான். தெரிஞ்சா என்னைக் கையோட கூட்டிக்கொண்டு போயிடுவான். அங்க போய் ஒரு மூலையில குந்தியிருக்க என்னால ஏலாது தம்பி. இந்தச் சாமான்களுக்கை எண்டா என்ர காலுக்கு வழி தெரியும்."

பிளானைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் இருவரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். சாமான் கிடந்த இடங்களைச் சோக்கால் தரையில் கீறினேன். அவர் நடந்தார்; நான் காலடியை எண்ணி எழுதினேன். கட்டிலிலிருந்து கதவுக்கு ஏழு அடி. கதவிலிருந்து சாய்மனைக் கதிரைக்கு நாலு. வெள்ளவத்தையில் எல்லாவற்றையும் அதே காலடிக் கணக்கில் போட்டு, சாப்பாட்டு மேசையின் நடுப்பலகையைக் கழற்றி மேசையைச் சுருக்கினேன். அதனால் சுற்றி நடக்கும் இடம் குறையவில்லை. அலுமாரிக் கதவு வழியில் நீட்டாமல் பிணைச்சலை மறுபக்கம் மாற்றினோம். சைட்போர்டின் கூர்மூலையை எங்கள் கம்பெனித் தச்சர் சீவி உருட்டிவிட்டார்.

"ஒரு புதுக் கதிரை கூட விக்கேல்லையோ?" என்று மனேஜர் கேட்டார். அவருக்குப் பழையதுதான் பிடிக்குமாம் என்று சமாளித்தேன்.

மகன் வருகிற அன்று, பொலிஷ் வேலை மிச்சம் இருக்கிறது என்று சாட்டுச் சொல்லி என்னை நிற்கச் சொன்னார் ஐயா. ஐந்து வருடத்துக்குப் பிறகு வரும் மகன். அன்று மாலையே யாழ்ப்பாண ரயிலில் மாமனார் வீட்டுக்குப் போக இருந்தார். ஐயா தானே நடந்துபோய்த் தேத்தண்ணியைக் கொண்டுவந்து மகன் முன்னால் வைத்தார். ஒரு துளி சிந்தவில்லை. மகன், தன் பிள்ளையின் படம் என்று சொல்லி ஒன்றை நீட்டினார். ஐயா விரலால் அதன் ஓரத்தைத் தடவினார்.

"மேசையில வை. ஆறுதலாப் பாக்கிறன்."

நான் பொலிஷ் துணியால் மேசை மூலையைத் தேய்த்தேன். மகன் எதையும் கவனிக்கவில்லை. போகும்போது வாசலில் வைத்து என்னிடம், "அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான். அவர் பழையபடிதான் இருக்கிறார். இனிப் பயமில்லை," என்றார்.

ரிக்‌ஷா காலி வீதிக்குத் திரும்பும்வரை ஐயா வாசலில் நின்றார். பிறகு வந்து தன் கதிரையில் சரியாக இருந்தார். அவர் வென்றுவிட்டார்.

"தம்பி, அவன் மெலிஞ்சு போனானோ? குரல் களைச்ச மாதிரிக் கிடந்தது. தலைமயிர் நரைச்சிட்டுதோ?"

அந்த இரண்டு மணித்தியாலமும் ஐயாவின் கால்களையும் சாமான்களின் மூலைகளையும் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை.

"நல்லா இருக்கிறார் ஐயா," என்றேன்.

"ஓம்," என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்கு அளக்கப் போயிருக்கிறேன். வீட்டில் இருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்து, இருந்து கதைத்த பிறகுதான் அளவு நாடாவை வெளியே எடுப்பேன்.