சிஸ்டர் ரெஜிமோன்

இடுக்கி மலையில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி. அதன் ஆண்கள் வார்டில் ரெஜிமோன் பதினொரு வருஷமாக நர்ஸ். அவனோடு படித்த ஆண்கள் மூன்றே பேர், மூவரும் ஜெர்மனியில். போன மாதம் லிஸ்ஸி சிஸ்டரும் அயர்லாந்துக்கு விமானம் ஏறினாள். பதிலுக்கு ஆள் வரவில்லை. நாற்பத்திரண்டு கட்டிலுக்கு அவன் ஒருத்தன்தான்.

இதற்கு நடுவில் ஒரு பழைய தலைவலி. டாக்டர் ஷஹனாஸும் அவனும் சேர்ந்து வார்டுக்குள் வந்தால், நோயாளிகள் அவனுக்குத்தான் வணக்கம் வைப்பார்கள். ஆண் என்றால் டாக்டர், பெண் என்றால் சிஸ்டர். ஆரம்பத்தில் ஒவ்வொருவரையும் திருத்தினான். பிறகு வாய் வலித்து விட்டுவிட்டான்.

ஏழாம் கட்டிலில் அவறாச்சன், ஏலக்காய்த் தோட்டக்காரர். காலில் சீழ்ப் புண். மூன்றாம் நாள் ஜுரம் ஏறியது.

"ஏதாவது மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா அப்பச்சா?" என்று ஷஹனாஸ் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மோளே, நீ போ."

அவள் புது ஊசி எழுதினாள். ஒரு மணி நேரம் தாமதமாக ரெஜி சிரிஞ்சோடு ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான்.

"என்ன ஊசி டாக்டரே?"

"பென்சிலின்."

"ஐயோ, அது வேண்டாம்! முன்னாடி அதப் போட்டு மூச்சடைச்சு, கடைசி பூசைக்கு சர்ச்லேர்ந்து அச்சனையே கூட்டியாந்துட்டாங்க."

ஊசி முனை தோலைத் தொட இன்னும் விரற்கடை தூரம்தான். "இத ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"இப்பச் சொல்றேனே!"

"அவங்கதான் அப்பச்சா டாக்டர். நான் நர்ஸ்."

கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "பின்னே மூணு நாளா டாக்டரேன்னு கூப்பிட்டப்ப ஏன்டா மோனே வாயத் திறக்கல?"

ரெஜிக்கு வெட்கமாக இருந்தது. சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு ஷஹனாஸைத் தேடிப் போனான். மருந்து மாறியது, ஜுரமும் இறங்கியது.

வீட்டுக்குப் போகும் நாளில் அவறாச்சன் ஒரு சீப்பு நேந்திரம்பழத்தோடு நொண்டி நொண்டி ரெஜியின் மேஜைக்கு வந்தார்.

"சிஸ்டரே, இதுல பாதிய டாக்டர் மோளுக்குக் குடு."

வார்டே சிரித்தது. ரெஜி அவரைத் திருத்தவில்லை. அவனை டாக்டர் என்று கூப்பிட்டால்தான் ஆள் செத்துப்போகும். சிஸ்டர் என்றால் ஒன்றும் ஆகாது. பதினெட்டாம் கட்டிலில் யாரோ, "சிஸ்டரே!" என்றார்கள். "தோ வர்றேன்" என்று எழுந்து போனான்.