ஸவாஹிர் நாநாவின் வல்லாரைக் கஞ்சி

வல்லாரைச் சாற்றை ஊற்றிய மறுகணம் ஸவாஹிர் அடுப்பை அணைத்துவிடுவார். சிவப்பரிசியும் உள்ளியும் தேங்காய்ப்பாலும் எவ்வளவு நேரமும் கொதிக்கலாம். சாறு விழுந்தபின் ஒரு கொதி வந்தாலும் பச்சை கறுத்துப்போகும். அப்படிக் கறுத்த பானையை ஒருநாள் அவர் விற்காமலே மூடிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையின் முனையில் அவருடைய வண்டில் நிற்கிறது. அதற்கு நேரெதிரே என் பாமசி. ஏழு வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அந்த மனிதரைப் பார்க்கிறேன். வயது அறுபத்திரண்டு. கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சேர்ட். இலைக்கட்டு வந்ததும் வேர்ப்பக்கத்தை மூக்கருகே பிடிப்பார். சாக்கடைக் கானின் தண்ணீர் மணம் அடித்தால் கட்டோடு திருப்பிக் கொடுப்பார். ட்ராபிக் பொலிஸ்காரருக்கு "மல்லி, உணுயி" என்று, தம்பி சூடு எனச் சிங்களத்தில் எச்சரித்துத்தான் கோப்பையை நீட்டுவார். இரண்டாம் கோப்பை யாருக்கும் இல்லை. "ஒண்டு மருந்து, ரெண்டாவது பேராச" என்பார்.

எனக்கு அவர்மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்குகிறது. என் தட்டுகளிலும் வல்லாரை இருக்கிறது: தழும்புக்குக் களிம்பு, ஞாபகசக்திக்கென்று குளிசை, முகத்துக்குக் கொரியாவிலிருந்து வந்த கிறீம். இவற்றை என்னிடம் வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்துபோய், "பூசலாமா நாநா?" என்று அவரிடம் கேட்கிறார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெட்டியைக் கண்ணருகே வைத்து வாசிப்பார். "இது புண் ஆறின பொறகு தழும்புக்குப் பூசுற. பச்சப் புண்ணுல வெக்காதீங்க." அதையேதான் ஐந்து நிமிடத்துக்கு முன் நானும் சொல்லியிருப்பேன். ஆனால் தலையாட்டல் அவருக்குத்தான்.

பரீட்சைக் காலத்தில் தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். "கஞ்சி குடிச்சா பசி போகும். புத்தகத்த புள்ளதான் தொறக்கணும்" என்று அனுப்புவார். அதையும் பெரிய வைத்தியம்போலக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

ஊரார் போகட்டும். என் கணவர் சிவானந்தனுக்குப் பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். இனிப்பை விடுங்கள் என்று நான் சொன்னால் அது தொணதொணப்பு. ஸவாஹிர் கருப்பட்டித் தட்டை வண்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டு, "சேருக்கு வெறுங்கஞ்சிதான்" என்றார். அன்றிலிருந்து இந்த மனிதர் வெறுங்கஞ்சி குடிக்கிறார். வீட்டுக்கு வந்து எனக்கே பெருமையும் அடிக்கிறார்: "அந்தாள் விசயம் தெரிஞ்ச ஆள், கண்டீரோ!"

போன செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்து பத்து நிமிடமிருக்கும். வரிசையில் ஆட்கள் நிற்க, வண்டிலை அப்படியே விட்டுவிட்டு ஸவாஹிர் ரோட்டைக் கடந்து வந்தார். ஏழு வருடத்தில் என் வாசல்படி ஏறியது அன்றுதான். அவருடைய பிடியில் என் கணவரின் முழங்கை.

"மிஸ், சேருக்குக் கால்ல புண். வல்லார அரச்சுக் கட்டச் சொல்லிக் கேக்குறாரு. நோவு ஈக்கா எண்டு கேட்டேன். இல்லயாம். சீனிக்காரருக்குப் புண் நோகல்லண்டா எனக்குப் பயம். இதுக்கு எலை சரிவராது."

"எத்தனை நாளாய்?" என்று கணவரைக் கேட்டேன். அவர் நிறுவைத் தராசைப் பார்த்தார்.

"எனக்குக் காட்டி மூணு நாள்" என்றார் ஸவாஹிர். "அண்டைக்கே ஒங்கள்ட்ட காட்டச் சொன்னேன். இன்னம் காட்டல்லண்டாரு. அதான் கையோட கூட்டி வந்தேன்."

"நீர் ஏசுவீர் எண்டுதான்..." என்று கணவர் இழுத்தார்.

ஒரே வீடு. ஒரே கட்டில். மூன்று நாள் அந்தக் காலை என்னிடமிருந்து சப்பாத்துக்குள் ஒளித்துவைத்து, ரோட்டோரத்தில் கழற்றிக் காட்டியிருக்கிறார். கால் போய்விடுமோ என்ற பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

டொக்டருக்கு போன் பண்ணினேன். உடனே கூட்டிவரச் சொன்னார். கணவரைக் கதிரையில் இருத்தி, கையுறையை மாட்டிக்கொண்டு, "எந்தக் கால்?" என்று கேட்டேன்.

அவர் வாய் திறப்பதற்குள் ஸவாஹிர் தரையில் முழங்காலிட்டு, இடது சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.