மோசேக்கு முன்னாடியா, பின்னாடியா?

எங்கள் நைனா ஆரம்பாக்கத்தில் ரயில்வே கேட் கீப்பர். கேட்டைத் திறந்து மூடுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் வேதம் படிப்பார். படித்துப் படித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மோசே மலையேறிக் கற்பலகைகளோடு இறங்கி வந்த பிறகு சொன்ன சட்டமெல்லாம் இஸ்ரவேலருக்கு. அதற்கு முன்னால் ஆண்டவர் சொன்னதுதான் உலகம் முழுவதற்கும், ஆரம்பாக்கம் உட்பட.

இது அவருக்கு ரொம்பத் தோதாக இருந்தது என்பதை மகள் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். ஓய்வுநாள் பின்னாடி வந்தது, அதனால் ஞாயிற்றுக்கிழமையும் கேட் மூடப் போகலாம். செதில் இல்லாததைத் தின்னாதே என்பதும் பின்னாடி, அதனால் பழவேற்காட்டு நண்டையும் இறாலையும் ஒரு கை பார்க்கலாம். தடை ஒன்றே ஒன்றுக்குத்தான்: இரத்தம். மோசேக்கு வெகு முன்னால், வெள்ளம் வடிந்து பேழையை விட்டு இறங்கிய நோவாவிடமே ஆண்டவர் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். ஆட்டு இரத்தப் பொரியல் எப்படி இருக்கும் என்றுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. யாருக்கும் என்றால், அம்மா போன பிறகு எனக்கும் அவருக்கும்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வர ஆரம்பித்த சமயம் அது. நான் அங்கே தையல் கற்றுக்கொள்ளப் போவேன். சாயங்காலம் வடக்கே போகிற வண்டிக்கு நான் நிற்பேன், தெற்கே கவரைப்பேட்டைக்குப் போகிற வண்டிக்கு ஒரு ஃபிட்டர் நிற்பார். அவர் வண்டி முதலில் வந்தால் ஏறாமல் விட்டுவிடுவார். பல மாதம் வண்டியை விட்ட பிறகு, அம்மாவோடு பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். கட்டினால் இவரைத்தான் என்று நானும் முடிவு செய்திருந்தேன். ஆனால் நைனா ஏற்கெனவே இரண்டு வரனை வேதத்தில் கேள்வி கேட்டே துரத்தியிருந்தார்.

ஃபிட்டர் வீட்டாரும் கிறிஸ்தவர்கள்தான், வேதத்தை இவ்வளவு நோண்டாதவர்கள். அவர்களைக் கண்டதும் நைனா உச்சி வெயிலில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆபிரகாம் விருந்தாளிகளை அப்படித்தான் ஓடிப்போய் அழைத்தாராம். கால் கழுவவும் தண்ணீர் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளையோ கம்பெனி பூட்ஸில் வந்திருந்தார். கயிற்று முடிச்சு அவிழ்கிற வரை நைனா சொம்போடு குனிந்தே நின்றார்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு டிபன் கேரியரை என்னிடம் நீட்டினார். திறந்தால் வெங்காயம் தேங்காயோடு கறுப்பாக ஏதோ வறுவல். ஈரல் என்று நினைத்து நைனாவின் இலையில் வைத்தேன்.

"ஈரலு பிரமாதம்மா!" என்று நைனா இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார்.

"ஈரல் இல்லண்ணே, ரத்தம்! கறிக்கடைல எங்களுக்குன்னு எடுத்து வெச்சாங்க. காத்தால நாஷ்டாகூட துன்னாம செஞ்சி எடுத்துக்கினு வந்தேன்" என்றார் அந்த அம்மா பெருமையாக.

நைனா கொல்லைக்கு ஓடினார். ஆபிரகாமுக்காக ஓடியதைவிட வேகம். ஒரு குடம் தண்ணீரும் தீரும் வரை வாய் கொப்பளித்தார். திரும்பி வந்து, "நோவா காலத்து சட்டம்மா. இந்த சம்மந்தம் நமக்கு ஒத்து வராது" என்றார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபிட்டர் பூட்ஸைக் கையில் எடுத்தார்.

பரிமாறியது என் கைதானே! எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"நைனா, ஆபிரகாம் மகனுக்கு ரெபெக்காள கட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி, இவங்க கூட போறியான்னு அவளையே கூப்ட்டுக் கேட்டாங்களா இல்லியா?"

"கேட்டாங்க."

"அது மோசேக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நைனா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"முன்னாடி" என்றார்.

"என்னை இன்னும் யாரும் கேக்கலியே?"

அத்தனை சட்டம் தெரிந்தவர் அந்த ஒரு கேள்வியைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டார்.

"இவங்க கூட போறியாம்மா?"

"போறேன் நைனா."

ஃபிட்டர் பூட்ஸைக் கீழே வைத்தார். நைனா மீதிப் பொரியலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். குழி தோண்டிக் கொட்டி, "ரத்தத்த மண்ணு போட்டு மூடணும், அதான் சட்டம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடினார்.

அது மோசேக்குப் பின்னாடி வந்த சட்டம். எனக்குத் தெரியும். அவர் அழுதுகொண்டிருந்ததால் நான் சொல்லவில்லை.