தங்கையின் தெற்றுப்பல்

இன்று காலை சித்தூரில் ஒரு ஸ்டுடியோவுக்கு அம்மாவுடன் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் நினைவு ஆராதனை. அட்டையில் அச்சிட அவளுடைய படம் வேண்டும். எங்களிடம் இருந்தது, ஆஸ்பத்திரியில் கடைசியாக எடுத்த, கன்னம் ஒட்டிப்போன படம் மட்டுமே.

ஸ்டுடியோக்காரர் அதை மூன்று ஏஐ மாடல்களிடம் கொடுத்துப் பார்த்தார்.

முதல் மாடல் கன்னத்தை நிரப்பியதோடு நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டது.

"எங்க சர்ச்சுல பொட்டு வைக்கமாட்டாங்க, சார்" என்றேன்.

"சேலையப் பாத்தா வெச்சிடுது சார். அதுக்கு இன்னா தெரியும்?"

இரண்டாவது அவளைச் சிவப்பாக்கியது. மூன்றாவது அவளைச் சிரிக்க வைத்தது. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதையே அச்சிடலாம் என்று முடிவு செய்து அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா வெகுநேரம் பார்த்தார். "பொண்ணு நல்லா கீறா, நைனா. யாரு இது?"

அதன்பிறகுதான் கவனித்தேன். பற்கள் வரிசையாக இருந்தன. அவளுடைய தெற்றுப்பல்லைக் காணவில்லை.

அந்தப் பல்லைச் சரிசெய்துகொள் என்று அவளை ஆண்டுக்கணக்கில் நச்சரித்தவன் நான்தான்.

அவள் சிரிக்கும் படம் அவளை அறிந்த உங்களில் யாரிடமாவது இருந்தால் இன்றே அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் ஏற்கப்படும். பல் தெரிய வேண்டும் என்பது மட்டுமே விதி.